சாவுச் செலவுக்கு முன்பணமா? ரசீதை நம்பாதீர்!

திருப்பத்தூர்:
"மாசம் நூறு ரூபா கட்டிட்டு வாங்க. வீட்ல ஒரு துக்கம்னா பாடை, மேளம், வண்டி, குழி வெட்டுற கூலி எல்லாம் நாங்க பாத்துக்குறோம்."

இப்படி ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றால், நம்மவர்களில் பலர் தட்டமாட்டார்கள். கடைசிக் காரியத்தைக் கடன் வாங்கிச் செய்யக்கூடாதே என்ற மானம்தான் காரணம்.

கலியாணச் சீட்டில் ஏமாந்தால் கட்டினவரே சட்டையைப் பிடிப்பார். இதிலோ கட்டினவர் இருக்கமாட்டார்! பிணத்தைக் கிடத்திவிட்டு மகன் ரசீதோடு ஓடும்போதுதான் ஆபீஸ் பூட்டிக் கிடப்பது தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏலம், குலுக்கல் என்று நடத்தினால் அது சீட்டு. 1982ம் ஆண்டுச் சிட்பண்டு சட்டப்படி முன் அனுமதியும் பதிவும் வேண்டும். செத்தால் இவ்வளவு தொகை என்றால் அது இன்சூரன்ஸ். அதற்கு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேண்டும்.

பணத்தை வாங்கிக்கொண்டு, பின்னால் பணமாகவோ சேவையாகவோ தருகிறேன் என்றால்? அதையும் டெபாசிட் என்கிறது 2019ம் ஆண்டுச் சட்டம். அனுமதியில்லாமல் வாங்கினால் 2 முதல் 7 ஆண்டு வரை ஜெயில்! நியாயமான வியாபார அட்வான்சுக்கு விலக்கு உண்டு. அந்தச் சந்துக்குள்தான் ஆசாமிகள் நுழையப் பார்ப்பார்கள்.

'பதிவு எண்' மாயம்

ரசீதில் 'பதிவு எண்' இருக்கிறதே என்று மயங்கவேண்டாம். 1975ம் ஆண்டுச் சங்கப் பதிவு, இப்படி ஒரு சங்கம் உண்டு என்பதற்குத்தான் அத்தாட்சி. ஊரார் பணத்தை வாங்க லைசென்ஸ் அல்ல!

இங்கிலாந்தில் 2022 மார்ச்சில் 'சேஃப் ஹேண்ட்ஸ்' என்ற கம்பெனி கவிழ்ந்தது. சாவுச் செலவுக்கு முன்பணம் கட்டிய சுமார் 46,000 பேர் தவித்தார்கள். அதே ஆண்டு ஜூலை 29 முதல்தான் அங்கே அரசு அமைப்பின் அனுமதி கட்டாயமானது. அவர்களுக்குச் சட்டம் வருமுன்னே பணம் போய்விட்டது.

நமக்குச் சட்டம் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை! 2022ல் காட்பாடி ஐ.எஃப்.எஸ். நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசுக்கு ஓடியதை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனித் தொழிலாளர்களுக்கு இன்னொரு விஷயம்: இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் இறந்தால் இறுதிச் சடங்குக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். தனியாக யாருக்கும் மாசம் நூறு அழவேண்டியதில்லை.

அப்படியும் கட்டத்தான் வேண்டுமா? "எந்தச் சட்டத்தில் பதிவு? காகிதத்தைக் காட்டு" என்று முதலில் கேளுங்கள். மாவட்டப் பதிவாளர் ஆபீசிலும் விசாரியுங்கள். உயிரோடு இருக்கும்போதே கேட்கவேண்டிய கேள்வி இது!