கச்சதீவைத் தாண்டிப் பேசவேண்டிய கடல்

தமிழக மீனவர்கள் கைதாகும் ஒவ்வொரு தடவையும் ஒரே சம்பவம் இரண்டு செய்திகளாக அச்சேறுகிறது. சென்னை நாளிதழ்களில் அது இலங்கைக் கடற்படையின் அத்துமீறல். யாழ்ப்பாணத்து நாளிதழ்களில் அது இந்திய இழுவைப்படகுகளின் அத்துமீறல். நெடுங்காலம் செய்தி மேசையில் இருந்தவன் என்ற வகையில் நான் கவனித்து வந்திருப்பது இதுதான்: இரண்டு செய்திகளுமே எல்லையைத் தாண்டியவர் யார் என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. கடலுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி ஒரு வரி கூட வருவதில்லை.

கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையில் நாச்சிக்குடா, வலைப்பாடு, கிராஞ்சி, இரணைமாதாநகர் ஆகிய ஊர்களில் திங்கள், புதன், சனி என்றால் என்னவென்று சிறுபிள்ளைக்கும் தெரியும். இராமேஸ்வரத்து இழுவைப்படகுகள் கடலுக்கு இறங்கும் நாட்கள் அவை. இழுவைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் மோதல் வராமலிருக்கத் தமிழகத்தில் வகுக்கப்பட்ட ஒழுங்கு, வன்னியின் நாட்காட்டியாகிவிட்டது. அந்த இரவுகளில் வலை விரித்தால் காலையில் மிஞ்சுவது அறுந்த கயிறுதான்.

இந்த மக்கள் யார்? 1992 இல் இரணைதீவை விட்டு வெளியேறி, 2018 ஏப்ரலில் தாமாகவே படகேறித் தங்கள் தீவுக்குத் திரும்பியவர்கள் இவர்களிடையே இருக்கிறார்கள். 2009 இல் படகு, இயந்திரம், வலை அனைத்தையும் இழந்து கடன்பட்டு மீண்டும் தொழில் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வலை அறுவது என்பது ஒரு கடன் இரட்டிப்பாவது.

போர்க்காலத்தில் வடபகுதி மக்களுக்குக் கடல் மூடப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் மறுகரையில் இழுவைப்படகுகள் பெருகின. இழுவைமடி கடலடியை வழித்துக்கொண்டு செல்வது; பாசி, புல், குஞ்சு எதையும் அது பார்ப்பதில்லை. தம் பக்கத்துக் கடல் வறண்டதும் அந்தப் படகுகள் இப்பக்கம் வந்தன. பாக்கு விரிகுடாவுக்கு அப்பால், கிழக்குக் கரையான முல்லைத்தீவும் இதிலிருந்து தப்பவில்லை.

இலங்கை 2017 இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுகளில் ஊர்வலமாகச் சென்றவர்கள் கேட்டதும், அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்பதைத்தான்.

தெற்கே இராமர் அணையும் வடக்கே குறுகிய நீரிணையுமாக அடைபட்ட, ஆழங்குறைந்த பாக்கு விரிகுடா, இரண்டு நாடுகள் பங்கிட்டுக்கொண்ட ஓர் ஏரியைப் போன்றது. ஆகவே ஏரிகளைப் பங்கிட்டுக்கொண்ட நாடுகள் என்ன செய்தன என்று பார்ப்பது பொருந்தும். அமெரிக்காவும் கனடாவும் 1954 இல் உடன்படிக்கை செய்து பேரேரிகளின் மீன்வளத்துக்கென ஆணைக்குழு அமைத்தன. கென்யா, தான்சானியா, உகண்டா ஆகிய மூன்றும் 1994 இல் விக்டோரியா ஏரிக்கென ஒரு மீன்பிடி அமைப்பை உருவாக்கின. கரை தோறும் படகுச் சொந்தக்காரர், கூலித் தொழிலாளி, மீன் வியாபாரி எல்லோரும் அமரும் குழுக்கள் அங்கே உண்டு. மிகிங்கோ என்ற சிறு பாறைத்தீவு யாருடையது என்று கென்யாவும் உகண்டாவும் முரண்படுகின்றன. ஆயினும் அந்தப் பிணக்குக்காக அமைப்பை அவை கலைத்துவிடவில்லை. அந்த ஏரியிலும் கள்ளத்தொழில் உண்டு, மீன் குறைவும் உண்டு. ஆனால் பேசுவதற்கு நிரந்தரமான ஓர் இடம் இருக்கிறது.

நமக்கு இருப்பது என்ன? 2010 இல் இருகரை மீனவர் பிரதிநிதிகள் சந்தித்தார்கள். 2014 இல் சென்னையிலும் கொழும்பிலும் பேசினார்கள். 2016 இல் இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைத்து, மூன்று மாதத்துக்கொரு முறை கூடுவதென்று தீர்மானித்தன. 2024 அக்டோபரில் அது கொழும்பில் கூடியபோது நடந்தது ஆறாவது கூட்டம்! 2000 இழுவைப்படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் படகுகளைக் கொடுக்கும் இந்தியத் திட்டம் 2017 இல் தொடங்கியது. அதிலும் சிறு பகுதியே நிறைவேறியது.

தேர்தல் வந்தால் தமிழகத்தில் கச்சதீவு மேடையேறுகிறது. கச்சதீவு நாளையே கைமாறினாலும் வலைப்பாட்டுக் கரைக்கு முன்னால் மடி இழுப்பது நிற்கப்போவதில்லை.

என் கருத்து இதுதான். இழுவைமடி விலகுவதற்கு இரு அரசுகளும் ஒரு திகதியை அறிவிக்கவேண்டும். நட்டஈடு படகு முதலாளியோடு நின்றுவிடாமல், அந்தப் படகில் கூலிக்குச் சென்று சிறை காண்கிற ஏழைக்கும் சேரவேண்டும். மடி இழுக்காத தமிழக நாட்டுப்படகுக்காரரை வேறாக நடத்தவேண்டும். நிரந்தரக் கூட்டு அமைப்பொன்றில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் கடற்றொழிலாளர் சமாசங்களுக்கும் தமிழக மீனவர் சங்கங்களுக்கும் ஆசனம் வேண்டும். அப்படிக் கேட்கிற நாம், நமது கரையில் வெடி வைப்பவரையும், ஒளி பாய்ச்சி மீன் பிடிப்பவரையும், உள்ளூர் இழுவைமடியையும் கண்டும் காணாமல் இருக்க முடியாது.

தொப்புள்கொடி உறவு என்று இருகரையிலும் சொல்லிக்கொள்கிறோம். உறவுக்காரன் வலையை அறுப்பதில்லை, உறவுக்காரனைச் சுடுவதுமில்லை. தமிழகத் தலைவர்கள் முதலில் செய்யவேண்டியது, ஒரு திங்கட்கிழமை இரவு வலைப்பாட்டுக்காரன் ஏன் கடலுக்குப் போகவில்லை என்று விசாரிப்பதுதான்.