ஒரே தொகுதியில் 6 'பன்னீர்செல்வம்': இனிஷியலோடு ஒத்துப்போகும் பெயர் அவ்வளவு அபூர்வமா?

2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் போட்டியிட்டார். அதே பெயரில் இன்னும் 5 பேர் மனு கொடுக்க, களத்தில் மொத்தம் 6 பன்னீர்செல்வம்! இதில் சிலர் மதுரை மாவட்டத்துக்காரர்கள். இத்தனை பேர் எப்படிக் கிடைத்தார்கள்?

கணக்குப் போடுவது எப்படி?

வெளிநாடுகளில் பெயரும் குடும்பப் பெயரும் சேர்ந்து எத்தனை பேருக்கு இருக்கும் எனக் கணக்கிடுவார்கள். நம்ம ஊரில் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து, அதாவது இனிஷியல்.

ஒரு பேச்சுக்கு, பன்னீர்செல்வம் என்ற பெயர் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, 'ஓ' இனிஷியல் 1,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 5 லட்சம் பேரில் ஒருவர்தான் ஓ.பன்னீர்செல்வம். அப்படியானால் 10 லட்சம் பேரில் தேடினாலும் 2 பேர்தான் தேறுவார்கள்.

அப்போ தப்பு எங்கே?

எல்லா ஊரிலும் எல்லாப் பெயரும் ஒரே அளவில் இருந்தால்தான் இந்தப் பெருக்கல் சரிவரும். நிஜத்தில் பெயர்கள் அப்படிப் பரவிக் கிடப்பதில்லை.

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு ஒச்சாண்டம்மன் குலதெய்வம். அந்தச் சாமி பெயரை ஒட்டி ஒச்சப்பன், ஒச்சாத்தேவர் என்றெல்லாம் பெயர் வைப்பது அங்கே வழக்கம். மற்ற ஊர்களில் அரிதான ஒரு இனிஷியல் அங்கே சாதாரணம். தமிழில் குறில் 'ஒ', நெடில் 'ஓ' இரண்டும் வேறு. ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துதான்.

இப்போது கணக்கை மாற்றிப் பாருங்கள். அந்த இனிஷியல் 50 பேரில் ஒருவருக்கு இருக்கும் பகுதி என்றால், 25 ஆயிரம் பேரில் ஒருவர் ஓ.பன்னீர்செல்வம். அதே 10 லட்சம் பேரில் 2 அல்ல, 40 பேர்!

வயதும் முக்கியம். பன்னீர்செல்வம் என்ற பெயர் இப்போதைய குழந்தைகளைவிட அவர்களின் தாத்தாக்களிடம் அதிகம். அந்தத் தலைமுறையில் மட்டும் தேடினால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரே பெயரில் பலர் போட்டியிடத் தடை இல்லை. 2024 மே மாதம் இதுபற்றிய பொதுநல மனுவை விசாரிக்க உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. வேட்பாளர்களின் பெயர் ஒன்றாக இருந்தால் தொழில், ஊர் போன்ற விவரம் சேர்த்து வேறுபடுத்த வேண்டும் என்கிறது 1961 தேர்தல் நடத்தை விதி. வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் படம் இடம்பெறத் தொடங்கியது 2015-ல். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு.

ராமநாதபுரத்தில் பலாப்பழம் சின்னத்தில் நின்ற முன்னாள் முதல்வர் 3.42 லட்சம் வாக்குகள் பெற்று 2-ம் இடம் பிடித்தார். வென்ற நவாஸ் கனியுடன் வித்தியாசம் 1.66 லட்சத்துக்கு மேல் என்பதால், பெயர்க் குழப்பம் முடிவை மாற்றியதாகச் சொல்ல முடியாது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

நிறைய இருக்கு. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தத்தில், 2002, 2005 பட்டியல்களில் தங்கள் பெயரையோ பெற்றோர் பெயரையோ மக்கள் தேட வேண்டியிருந்தது. இப்படித் தேடும்போது பெயரும் அப்பா பெயரும் பொருந்தினால் அதே ஆள்தான் என நினைத்துவிடுவோம். ஆனால் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் ஊரில் அது இரண்டு பேராகக்கூட இருக்கலாம். உயிரோடு இருப்பவரை இறந்தவர் என நினைத்து நீக்கும் ஆபத்தும் இங்கேதான் வருகிறது.

அதனால் பட்டியலில் பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள். வாக்காளர் அட்டை எண், வயது, பாகம் எண் மூன்றையும் சரிபாருங்கள். உங்கள் பெயர் இன்னொருவருக்கும் இருக்கலாம். அட்டை எண் உங்களுக்கு மட்டும்தான்.