சிற்றிலும் திரையும்

1920களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில், மழை பொய்க்கும் கரிசல் மண்ணுக்குச் சோறிட்டது. குழந்தைகளின் விளையாட்டுப் பொழுதை விலையாகக் கேட்டது. விடியுமுன் ஊர்களுக்கு வந்த பேருந்துகளில் ஏறிச்சென்ற சிறுவர் சிறுமியர், தீக்குச்சிகளைச் சட்டங்களில் அடுக்கியும் பெட்டிகளை ஒட்டியும், முடித்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெற்றனர். 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் 1990ஆம் ஆண்டு ஆவணப்படம் அவ்வாழ்வைப் பதிவுசெய்தது. சிவகாசி வழக்கில் உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென 1996இல் ஆணையிட்டது.

அத்தலைமுறையினர் இன்று பெற்றோர். தம் பிள்ளை திரைமுன் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பதைக் காண அவர்களுக்கு மனம் பொறுப்பதில்லை; வீண்பொழுது என்கின்றனர். அவர்களது அச்சம் இயல்பானதே. ஆயினும், எல்லா ஆட்டங்களையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று.

2011இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' என்னும் ஆட்டத்தில், உலகை விழுங்க வரும் டிராகனை எதிர்ப்பதே கதை. ஆனால், ஆடுபவர் அக்கதையை ஒதுக்கிவிட்டு மலைச்சரிவில் மூலிகை பறிக்கலாம். வீடு வாங்கிக் குடியிருக்கலாம். கண்ணில்பட்ட குகைக்குள் நுழைந்து வழிதவறலாம். எவரும் விரட்டுவதில்லை. டிராகன் காத்திருக்கும். அதே ஆண்டு முழுவடிவம் பெற்ற 'மைன்கிராப்ட்' இன்னும் ஒருபடி மேலே சென்று, என்ன செய்வது என்பதையே ஆடுபவரிடம் விட்டுவிடுகிறது. இது தமிழுக்குப் புதிதன்று. பல்லாங்குழிக்கு விதியும் வெற்றிதோல்வியும் உண்டு. மணலில் சிற்றில் இழைத்து, சிறுசோறு சமைத்த பிள்ளைகளுக்கு அவை தேவைப்படவில்லை. கட்டுவதும் கலைப்பதும் அவர்கள் விருப்பம். இவ்வகை ஆட்டங்களின் ஈர்ப்பும் அங்கேதான் இருக்கிறது. தவறான முடிவெடுத்து, அதன் விளைவைத் தானே சந்தித்து, மீண்டும் முயலும் உரிமை ஒரு பிள்ளைக்கு வேறெங்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

இச்சுதந்திரம் வரம்பற்றது என்று எண்ணிவிடலாகாது. மலைக்கு அப்பால் போகவொட்டாமல் தடுக்கும் கோட்டை வரைந்தவர்களும் ஆட்டத்தை ஆக்கியவர்களே. அதைவிடக் கவனிக்க வேண்டியது, கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஆட்டங்கள் பலவும் கைக்கொள்ளும் முறை. நாள்தோறும் வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் இழப்பு. காத்திருக்க மனமில்லையெனில் காசு. பரந்த உலகம் போலத் தோன்றினும் அவை வருகைப்பதிவு எடுக்கின்றன. அந்தப் பதிவேட்டை இவ்வட்டாரத்துப் பெற்றோர் எளிதில் அடையாளம் காண்பர். "எவ்வளவு நேரம் ஆடினாய்?" என்று பிள்ளையைக் கேட்கும் அவர்கள், "நாளை நீ போகாவிட்டால் அந்த ஆட்டம் உன்னிடமிருந்து எதைப் பிடித்துக்கொள்ளும்?" என்றும் கேட்டறியலாம்.