ஓத மின்விசையும் ஒரு ருஷ்யப் பொறியியலாளரும்

ஹைதராபாத்தைச் சார்ந்த அல்வாலில் கடல் இல்லை, ஏரி உண்டு. ஆயினும், கடலின் ஓதத்தினின்று மின்விசை ஆக்கும் முறையை அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் எளிதில் விளக்கிவிடலாம். ஏரி மதகைத் திறந்தால் மேல்மட்டத்து நீர் கீழே பாய்கிறது. நாள்தோறும் இருமுறை கடலே வந்து நிரப்பிச் செல்லும் ஏரி ஒன்று இருப்பதாகவும், அதன் மதகில் நீர்ச்சுழலி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதாகவும் மாணவர் கருதிக்கொண்டால் போதும். அதுவே ஓத மின்நிலையம். நீர்மட்ட வேற்றுமை இருமடங்கானால், கிடைக்கக்கூடிய ஆற்றல் நான்கு மடங்காகும்.

விளக்குவது எளிது, கட்டுவதோ அரிது. அவ்வரிய பணியில் முன்னோடியாக நின்றவர் சோவியத் ருஷ்யாவின் பொறியியலாளர் லெவ் பெர்ன்ஸ்டைன். ஓத மின்விசை பற்றி அவர் இயற்றிய நூல் 1961-இல் ருஷ்ய மொழியில் வெளிவந்தது. 1965-இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட பின்னரே பிற நாட்டார் பலரும் அதனைப் படிக்கலாயினர். வெண்கடலின் மேஸென் விரிகுடாவில் மாபெரும் நிலையம் ஒன்றை எழுப்ப வேண்டுமென்பது அவர் கொண்டிருந்த பெருந்திட்டங்களுள் ஒன்று. அது இன்றளவும் கட்டப்படவில்லை. கட்டப்பட்டது கிஸ்லாயா குபா என்னும் சிறு விரிகுடாவிலுள்ள 400 கிலோவாட் சோதனை நிலையம் மட்டுமே. அவரது பெருமை அச்சிறு நிலையத்திலேயே விளங்குகிறது.

பிரான்ஸில் 1966-இல் திறக்கப்பட்ட ரான்ஸ் நிலையம் 240 மெகாவாட் திறனுடையது. அதனைக் கட்டும்பொருட்டுக் கழிமுகத்தைத் தற்காலிக அணைகளால் அடைத்து, நீரை இறைத்து, தரையை உலர்த்தினர். செலவு மிகுந்ததோடு, அடைபட்ட கழிமுகத்தின் உயிரினங்களும் பெரிதும் அழிந்தன; அவை மீண்டும் நிலைபெறப் பத்தாண்டு அளவில் சென்றது. பெர்ன்ஸ்டைன் வேறு வழி கண்டார். மின்நிலையம் முழுவதையும் மெல்லிய சுவர்களையுடைய கான்கிரீட் பெட்டகமாக மூர்மான்ஸ்க் அருகே கட்டி, பிரான்ஸிலிருந்து தருவித்த சுழலியை அதனுட் பொருத்தி, கப்பலைப் போலக் கடல்வழியே இழுத்துச் சென்று, 1968-இல் உரிய இடத்தில் அமிழ்த்தினார். துருவப் பகுதியின் உறைபனியையும் அக்கான்கிரீட் தாங்கிற்று. 1990-களில் நின்றுபோன அந்நிலையம் 2004-இல் மீண்டும் இயங்கலாயிற்று.

இந்தியாவின் வரலாறு வேறுவிதமானது. ஐக்கிய நாடுகள் சார்பில் எரிக் வில்ஸன் என்னும் வல்லுநர் 1975-இல் இங்கு வந்து ஆராய்ந்தார். பிற்காலத்தில் பெர்ன்ஸ்டைனுடன் சேர்ந்து ஓத மின்நிலையங்கள் பற்றி நூல் எழுதியவரும் இவரே. காம்பே வளைகுடாவில் ஓதத்தின் உயர்ந்த அளவு சுமார் 11 மீட்டர். கட்ச் வளைகுடாவில் சுமார் 8 மீட்டர். கட்ச் வளைகுடாவில் 900 மெகாவாட் நிலையம் அமைக்கத் திட்டம் வரையப்பட்டது. சுந்தரவனத்தின் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட் நிலையம் ஒன்றும் கருதப்பட்டது. செலவை முன்னிட்டு இரண்டும் கைவிடப்பட்டன. இத்தனை ஆண்டு ஆய்வுக்குப் பின்னும் இந்தியக் கரையில் ஓத மின்நிலையம் ஒன்றேனும் இயங்கவில்லை.

கட்ச் திட்டத்தைக் கைவிட்டதில் குறை காண்பதற்கில்லை. அவ்வளவு பெரும் பொருளை அனுபவமின்றிக் கடலில் இடுதல் தகாது. துர்காதுவானியைக் கைவிட்டதே வருந்தத்தக்கது. ஒரு கிலோவாட்டுக்கு எவ்வளவு செலவு என்னும் கணக்கில் சிறு சோதனை நிலையம் எப்பொழுதும் தோற்கவே செய்யும். கிஸ்லாயா குபாவும் அக்கணக்கில் தேறியிராது. உவர்நீரில் உலோகம் எவ்வாறு அரிக்கப்படுகிறது, வண்டல் எவ்வளவு படிகிறது, மீன்கள் என்னவாகின்றன என்பவற்றைக் கற்றுக்கொள்வதே அத்தகைய நிலையத்தின் விளைபொருள். சுந்தரவனத்து வண்டலைப் பற்றி ருஷ்யரின் குறிப்பேடுகள் நமக்குச் சொல்லித் தரமாட்டா.

பெட்டகத்தை மிதக்கவிட்டு அமிழ்த்தும் கலையும் நமக்குப் புதிதன்று. கேரளத்து விழிஞ்ஞத்தில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் அலைவிசைச் சோதனைக்காகச் சுமார் 3,000 டன் எடையுள்ள பெட்டகத்தை 1990-இல் கடலில் அமர்த்தினர். மறு ஆண்டே அதில் 150 கிலோவாட் திறனுள்ள நிலையம் இயங்கத் தொடங்கிற்று.