மலைப்பாட்டும் இசை ஆசிரியரின் பயிற்சியும்

பணித்திறன் மேம்பாடு, அதாவது பணியில் இருக்கும் ஆசிரியர் தம் பாட அறிவையும் கற்பிக்கும் முறையையும் இடைவிடாது வளர்த்துக்கொள்வது, அரசுப் பள்ளி இசை ஆசிரியருக்கும் உரியது. ஆனால் 2012இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரைநாள் பணிக்கென ஓவியம், உடற்கல்வி முதலிய பாடங்களுக்கான பகுதிநேர ஆசிரியர்களோடு இசைக்கும் ஆள் அமர்த்திய ஏற்பாட்டில், கற்பிப்பவர் தாமும் கற்பதற்கான நேரம் கணக்கிலேயே வரவில்லை. கற்பிப்பவர் கற்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு: ஹங்கேரியில் இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் 1905இல் சிற்றூர்தோறும் பாடல் திரட்டத் தொடங்கி, பின்னாளில் அத்திரட்டையே பள்ளி இசைக்கல்விக்கு அடிப்படையாக்கினார். கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலும் இது இயலும்: மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரல்லர், தமிழ் பேசுவோர்) திருமணத்திலும் திருவிழாவிலும் பாடுவனவற்றை, பாடுவோரின் இசைவோடும் பெயரோடும் மாணவர்களுடன் சேர்ந்து ஒலிப்பதிவு செய்து, சுரக்குறிப்பாக, அதாவது ச ரி க ம என்னும் எழுத்துகளில், எழுதிப் பார்ப்பதே ஆசிரியருக்கும் மிகச் சிறந்த பயிற்சி. ஏனெனில் அத்தகைய பாட்டின் குழைவும் இழைவும் பன்னிரு சுரத்தானங்களுக்குள் முற்றிலும் அடங்க வேண்டுமென்பதில்லை. அடங்காத இடத்தில் தம் காதை நம்பி முடிவெடுக்கும் திறன் எந்தக் கருத்தரங்கிலும் கிட்டாது. 2022-23 முதல் பள்ளிக் கல்வித்துறை நடத்தும் கலைத் திருவிழா பாராட்டத்தக்கதே; எனினும் போட்டி மேடை மாணவரின் தேர்ச்சியை அளக்கிறதேயன்றி ஆசிரியரை வளர்ப்பதில்லை. ஆகவே பாடல் திரட்டும் பணியை ஊதியத்துடன் கூடிய பணிநேரமாகவே அரசு ஏற்க வேண்டும்.