துண்டுக்குள் மறையும் விலை

கறவை மாடு வாங்குவது நடுத்தரக் குடும்பத்திற்குச் சிறிய காரியம் அன்று. போடும் பணம் பெரிது. தவறினால் திருத்திக்கொள்வது அரிது. ஆயினும் அதை நாம் எவ்வளவு கண்மூடித்தனமாகச் செய்கிறோம் என்பதை அண்மையில் எங்கள் குடும்பமே பட்டு உணர்ந்தது. அங்கத்தினர் பிறரும் அப்பிழையைச் செய்யாதிருத்தல் வேண்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிச் சுற்றுவட்டாரம் முன்னாளில் ஏரியை நம்பிப் பயிரிட்ட பகுதி. 1964-ஆம் ஆண்டு அம்பத்தூரில் தொழிற்பேட்டை தோன்றியது. வரவரக் கழனிகள் வீட்டுமனைகளாயின, தொழுவங்களும் குறைந்தன. இன்று நல்ல மாடு வேண்டுவோர் பலர் தொலைவிலுள்ள சந்தைகளையே நாடுகின்றனர்.

வேலூருக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பொய்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. பூவிருந்தவல்லியிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். நானும், மனைவியும், தாயாரும், பிள்ளைகள் இருவரும் நள்ளிரவு கழிந்ததும் காரில் புறப்பட்டோம். பிள்ளைகளுக்கு அது திருவிழாப் பயணம். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுமுன்பே வரப்போகும் மாட்டுக்கு லட்சுமி என்று பெயரும் சூட்டிவிட்டனர்.

விடியற்காலையில் சந்தையை அடைந்தோம். தரகர் ஒருவர் மாடு ஒன்றைக் காட்டினார். "இரண்டாம் ஈற்று, அம்மா. நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்குக் குறையாது" என்றார். தாயார் வாயைத் திறந்து பல் பார்த்தார், சுழி பார்த்தார். மடி பருத்துத் திரண்டிருந்தது. கன்றும் உடன் நின்றது. அதன்பின் தரகரும் மாட்டுக்காரரும் கைகளின்மேல் ஒரு துண்டைப் போர்த்துக்கொண்டு, விரல்களைப் பற்றிப் பற்றி விலை பேசினர். எங்கள் பணத்தைப் பற்றிய பேச்சு எங்கள் கண்ணெதிரிலேயே நடந்தது. எங்களுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. துண்டு விலகியபோது விலை 52,000 ரூபாய் என்றார்கள். கொடுத்தோம்.

"குட்டியானை" என்று ஊரார் வழங்கும் சிறு சரக்கு வண்டியில் மாட்டையும் கன்றையும் ஏற்றித் திரும்பினோம். காவேரிப்பாக்கத்திற்கு அருகே வண்டியின் டயர் வெடித்தது. மாற்றுச் சக்கரம் வரும்வரை மாட்டைச் சாலையோரப் புளியமரத்தடியில் இறக்கிக் கட்டினோம். அது நிலைகொள்ளாமல் கால் மாற்றி மாற்றி நின்று கதறியது. அருகே களத்திலிருந்த முதியவர் ஒருவர் தண்ணீரும் வைக்கோலும் கொணர்ந்தார். மடியைத் தொட்டுப் பார்த்து, "நேற்றிலிருந்து கறக்காமல் விட்டிருக்கிறார்கள், அம்மா. பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது" என்றார். தாயார் அங்கேயே அமர்ந்து கறந்தார். மாடு அமைதியடைந்தது. முதியவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பயணக் களைப்பினால் சில நாள் பால் குறைவது இயல்பு எனப் பொறுத்திருந்தோம். ஒரு மாதம் சென்றது. ஆறு லிட்டரை அது தாண்டவேயில்லை. பத்து லிட்டரை நம்பிப் பெற்ற கடனுக்குத் தவணை மட்டும் குறையவில்லை. லட்சுமியின்மேல் யாதொரு குற்றமும் இல்லை. பிள்ளைகள் அதனை விற்கவும் விடவில்லை.

நிற்க. தரகர்கள் எல்லோரும் வஞ்சகர் என்பது என் கருத்தன்று. மாட்டின் குணமறிந்தவர்கள் அவர்களுள் பலர் உண்டு. நான் குறை கூறுவது மறைவை. நம் நெசவாளர் ஒரு வேட்டியை விற்றாலும் நூல் எண்ணும் நீள அகலமும் சொல்லி விற்கிறார். பால் சங்கத்திலோ கொழுப்பும் இதரச் சத்தும் சோதித்த பின்னரே பாலுக்கு விலை. அப்பாலைச் சுரக்கும் மாட்டுக்கு மட்டும், நாம் நெய்த துண்டாலேயே விலையை மூடலாமா?

பால் சங்கத்தில் ஓர் அங்கத்தினர் நாள்தோறும் ஊற்றிய பால் எவ்வளவு என்பது பதிவேட்டில் இருக்கிறது. அவர் மாட்டை விற்க விரும்பினால், அவருடைய இசைவுடன், கடந்த இரண்டு மாதக் கணக்கின் நகலை வாங்குவோருக்குச் சங்கம் அளிக்கலாம். விற்பனைக்குள்ள மாடுகளின் விவரத்தைச் சங்க வாயிலில் எழுதி வைக்கலாம். மாடறிந்த அங்கத்தினர் ஒருவரை உடன் அனுப்பலாம். வீட்டுத் தேவைக்கு எடுத்த பால் கணக்கில் வராது. பல மாடு உடையவரின் கணக்கில் ஒரு மாட்டின் பால் தனியே தெரியாது என்பர். உண்மைதான். எனினும் அரைகுறைக் கணக்கு, துண்டுக்குள் நடக்கும் பேச்சைவிட மேலானதே.

இது புதிய கொள்கையும் அன்று. ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூர் செல்லும் வழியிலுள்ள திரூர் கிராமத்தில் 1904-ஆம் ஆண்டிலேயே வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அமைந்தது. அத்தகைய கடன் சங்கங்களுக்கு ஆதாரம் எது? கடன் கேட்பவனுடைய நாணயத்தை அண்டை வீட்டான் அறிவான் என்பதே. மனிதனுடைய நாணயத்திற்குச் சான்று கூறிய சங்கம், மாட்டின் பாலுக்குச் சான்று கூறலாகாதா?

அதுவரை சந்தைக்குச் செல்வோர் சிலவற்றை மறவாதிருக்க வேண்டும். பருத்த மடியைக் கண்டு மயங்காமல், இயன்றால் மாடு இருக்கும் ஊருக்கே சென்று, தொடர்ந்து மூன்று வேளை கறந்து பார்க்க வேண்டும். வழிப்பயணத்திற்கு ஏற்றது என்னும் கால்நடை மருத்துவரின் சான்று பெற வேண்டும். வண்டியின் தளத்தில் கால் வழுக்காதபடி தேங்காய் நார் விரிப்பு இட வேண்டும். இவ்விரண்டும் 1978-ஆம் ஆண்டு விதிகளிலேயே கூறப்பட்டுள்ளன. நாங்கள் இரண்டையும் செய்யவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

வரும் மகாசபைக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகக் கொணர எண்ணியுள்ளேன். காவேரிப்பாக்கத்து முதியவர் ஒரு நொடியில் கண்ட உண்மையை, வாங்குமுன் எங்களுக்குச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும். அந்த ஒருவராகச் சங்கம் இருக்கட்டும்.