கிலோவும் மில்லிகிராமும்

தமிழ்ப் படத்தில் போதைப்பொருள் வந்தால் மொத்த வியாபாரமாகத்தான் வரும். ‘கைதி’யில் (2019) 900 கிலோ. ‘விக்ர’மில் (2022) கொள்கலன் கணக்கு. எங்கள் கல்முனைப் பக்கத்துப் பொலிஸ் செய்தியில் வருவதோ மில்லிகிராம். சாய்ந்தமருதிலோ சம்மாந்துறையிலோ ஒரு பொடியன் ‘ஐஸ்’ எனும் மெத்தம்பெட்டமினோடு பிடிபட்டான் என்றால், அவன் பையில் இருந்தது பெரும்பாலும் ஒரு சிட்டிகை உப்பளவு. இலங்கையில் 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 5 கிராமைத் தாண்டினாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. அந்த இரண்டு படங்களையும் இயக்கிய லோகேஷ் கனகராஜுக்கு இந்த அளவு ஒரு காட்சிக்கும் காணாது.

ஒரு வீட்டுக்கு அந்தச் சிட்டிகை தாராளமாகக் காணும். முதலில் உம்மாவின் காப்பு காணாமல் போகும். பிறகு காஸ் சிலிண்டர். பிறகு அடுத்த வீட்டுச் சைக்கிள். வாப்பா ஜும்ஆவுக்குப் பிந்திப் போய், முந்தி எழும்பி வருவார். கட்டாரிலிருந்து காக்கா அனுப்பும் சல்லி கடனுக்கே சரியாகிவிடும். தங்கச்சிக்குக் கட்டத் தொடங்கிய வீடு அரைச் சுவரோடு நிற்கும். அவளைப் பேசி வந்தவர்கள் பிறகு வரமாட்டார்கள். ஏன் என்று அவர்களும் சொல்வதில்லை, இவர்களும் கேட்பதில்லை. இதைப் படமாக எடுக்கத் துப்பாக்கி எதற்கு?

‘விக்ர’மில் விஜய் சேதுபதி அடி வாங்கித் தளரும்போதெல்லாம் எதையோ வாயில் போட்டுக் கடிப்பார், உடனே பத்துப் பேரின் பலம் வந்துவிடும். வில்லன்தானே என்று நாம் சமாதானம் சொல்லலாம். ஆனால் ஐஸ் விற்பவன் சொல்லும் விளம்பரமும் அதேதான்: களைக்காது, நித்திரை வராது. முதல் நாட்களில் அது பொய்யுமில்லை. மெத்தம்பெட்டமின் மூளையில் டோபமினை அள்ளிக் கொட்டவைக்கும். பசியும் நித்திரையும் பறந்துவிடும். பிறகுதான் சந்தேகம் பிடிக்கும். கூரையில் ஆள் நிற்கிறான், உம்மா சோற்றில் என்னவோ கலந்துவிட்டா. படத்தில் சண்டையோடு மாத்திரையின் கதையும் முடிந்துவிடுகிறது.

‘கோலமாவு கோகிலா’வுக்கு (2018) நானும் வயிறு நோகச் சிரித்தவன்தான். தாயின் சிகிச்சைக்காக நயன்தாரா கொக்கெய்ன் கடத்துகிறார். அந்தத் தூள் போய்ச் சேரும் வீட்டைப் படம் எட்டிப் பார்ப்பதில்லை.

எட்டிப் பார்த்த படம் ஹிந்தியில் வந்த ‘உட்தா பஞ்சாப்’ (2016). லஞ்சம் வாங்கிக்கொண்டு லொறிகளை விட்டுவிடும் பொலிஸ்காரரின் சொந்தத் தம்பியே போதையில் விழுந்து கிடக்கிறான். தணிக்கைச் சபை 89 வெட்டுகள் கேட்டது; பஞ்சாப் என்ற பெயரே வரக்கூடாது என்றது. பம்பாய் உயர்நீதிமன்றம் ஒரே வெட்டோடு படத்தை விட்டது. அந்தச் சபையைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. ‘ஊர்ப்பேர் கெட்டுப்போகும்’ என்று நாங்களும்தான் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் எங்கள் வீடுகளுக்குக் கிட்ட வந்தது 2025 ஜனவரியில் வெளியான ‘பாட்டல் ராதா’. குடியைப் பற்றிய படம். குரு சோமசுந்தரம் நடித்த கொத்தனார் மறுவாழ்வு நிலையத்துக்குப் போகிறான், தப்பி ஓடுகிறான், திரும்பவும் குடிக்கிறான். மற்றப் படங்களில் கட்டிலில் கட்டிப்போட்டு ஒரு சோகப் பாட்டுப் போட்டால் ஆள் தாடி மழித்து வெளியே வந்துவிடுவான். நிஜத்தில், ஹெரோயினை விடவைக்க மெத்தடோன் போன்ற மாற்று மருந்தாவது உண்டு. ஐஸுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. உளவளத்துணையும் காலமும் வீட்டாரின் பொறுமையும்தான். அதற்குள் ஒரு தடவையோ பல தடவையோ சறுக்கலாம். சறுக்கியவனை ‘இனித் திருந்தமாட்டான்’ என்று ஊர் முடிவுகட்டும் இடத்தில்தான் நல்ல இயக்குநருக்கு வேலை இருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தம்பிமார் குறும்படம் எடுக்கிறார்கள். நான் பார்த்தவை பொலிஸ் ஜீப்பில் முடியும், அல்லது ஜனாஸாவில் முடியும். திரும்பி வந்தவனை எடுங்கள், தம்பி. அவனுக்கு யார் வேலை கொடுத்தார், கல்லாப்பெட்டியை நம்பி விட எத்தனை மாதம் எடுத்தது, பழைய கூட்டாளி கடை வாசலில் வந்து நின்றபோது முதலாளி என்ன செய்தார். ஒரு பென்சிக் கடையும் மூன்று நடிகர்களும் போதும். கமெரா கைபேசியிலேயே இருக்கிறது.